வழியனுப்பும் சொல்

"செலமாட் பாகி, அம்மா!"

சக்கர நாற்காலியில் இருந்த பெண்மணியின் முகம் மலர்ந்துவிட்டது. கையிலிருந்த மலேசியக் கடவுச்சீட்டைக் கண்டதுமே கிளிபோட் அந்தக் காலை வணக்கத்தை எடுத்து வீசியிருந்தான்.

"அட, மலாய்ல வணக்கம் சொல்றீங்களே! நான் தமிழ்தான்லா தம்பி. பேரு புனிதவதி. மகளைப் பார்த்துட்டு ஈப்போவுக்குத் திரும்புறேன்."

ரொறன்ரோ விமான நிலையத்தில், நடக்க மாட்டாத பயணிகளைத் தள்ளிக்கொண்டு போய் விமான வாசலில் விடுவது கிளிபோட்டின் வேலை. சீனருக்கு நீ ஹாவ், பஞ்சாபிகளுக்கு சத் ஸ்ரீ அகால், பிலிப்பைன்ஸ்காரருக்கு மகண்டாங் உமாகா. ஆளைப் பார்த்ததும் அவரவர் மொழியில் வாய் திறந்துவிடுவான். இவன் சிரித்தால் வெளியே பனியே உருகிவிடும் என்று மேலாளர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார்.

"மலாய் யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"என்ரை மனுசியிட்டை. கனடாவுக்கு வர முதல் அவ உங்கடை கிள்ளானிலை அகதியா இருந்தவ. பள்ளிக்கூட வயசிலை போய் அங்கையே வளந்தவ."

"கொடுத்து வச்ச பொண்ணு. வீட்டிலயும் கலகலன்னுதான் இருப்பீங்க."

கிளிபோட் சிரித்து மழுப்பினான்.

வீட்டில் கதை வேறு. கலியாணமான நாளிலிருந்து ஜெனாட் காலையில் தேத்தண்ணியோடு வந்து "செலமாட் பாகி" என்பாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கமாட்டான். ஒருநாள் அவள் பதிலுக்காக நின்றுகொண்டே இருக்க, எரிந்து விழுந்தான்.

"நாள் முழுக்கச் சனத்துக்கு இளிச்சு இளிச்சு வாய் நோகுது. வீட்டிலையும் டியூட்டியோ?"

"நான் உங்கடை பசஞ்சரா வந்திருக்கலாம்," என்றாள் ஜெனாட். அவ்வளவுதான். சண்டை பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவள் வணக்கம் சொல்வதை விடவில்லை. சுவருக்குச் சொல்வதுபோலச் சொல்லி, கோப்பையை வைத்துவிட்டுப் போவாள். அவன் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து யார் யாருக்கோ சொல்லி நல்ல பெயர் வாங்கினான்.

இன்றைக்கு அவள் வேறு சொல் சொன்னாள். அஜின்கோர்ட்டில் இருக்கும் தங்கள் வீட்டு வாசலில் அவன் ஜக்கெற்றை மாட்டிக்கொண்டிருக்க, கிட்ட வந்து கொலரைச் சரிசெய்தாள். "செலமாட் திங்கால்," என்றாள்.

வீட்டுக்குள்ளேயே காலில் சப்பாத்தோடு நின்றாள். குப்பை வாளியை வெளியில் வைத்துவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். வெளிக்கிடுகிறவனுக்குச் சொல்லும் மலாய்ச் சொல்லாக்கும், வேலைக்கு உதவும் என்று அதை மனதில் பதித்துக்கொண்டு காரில் ஏறினான். வழக்கம்போலப் பதில் சொல்லவில்லை.

விமான வாசல் வந்தது. பணிப்பெண் நாற்காலியின் கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். கிளிபோட் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான்.

"செலமாட் திங்கால், அம்மா!"

புனிதவதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"மாத்திச் சொல்றீங்களே தம்பி! வழியனுப்புறவங்க 'செலமாட் ஜாலான்'தான் சொல்லணும்."

"இல்லையே அம்மா. காலமை நான் வெளிக்கிடேக்க என்ரை மனுசி இதைத்தானே சொன்னவ. கொலரையும் பிடிச்சு விட்டவ."

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. பணிப்பெண்ணைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, எட்டி அவன் கையைப் பிடித்தார்.

"அது, விட்டுட்டுப் போறவங்க சொல்றது தம்பி."