லேசர் தலை நின்ற இடம்

கத்தரிக்காய் வாங்கச் செம்மொழி வந்தாலே மன்னார்குடிக் கடைக்காரர்கள் விலையை ஏற்றிச் சொல்லத் தயாராகிவிடுவார்கள். அதே பேரம் பேசும் கண்ணோடு இப்போது இளம்பரிதியின் மடிக்கணினியைப் பார்க்கிறாள். சாய்ந்த வெயில் ஜன்னல் கம்பிகளை மேசைமேல் வரிவரியாகக் கிடத்தியிருக்கிறது. அங்கே அவள் புருஷன் வளவன் ஆசைக்கு வாங்கிய, மரத்தில் எழுத்துப் பொறிக்கும் சின்ன லேசர் மெஷின். அவன் இறந்து ஒரு நெல் போகம் ஆகிறது. பெயர்ப்பலகை கேட்டவர்கள் இன்னும் விசாரிக்கிறார்கள்; இனி அவள்தான் ஓட்ட வேண்டும். “இந்த சாஃப்ட்வேர் இலவசம் அண்ணி, ஆனா மல்லுக்கட்டணும். இது காசு, ஆனா சுளுவு. ஒரு மாசம் சும்மா ஓட்டிப் பாக்கலாம்” என்கிறான் வளவனின் கூட்டாளி இளம்பரிதி. “சும்மா குடுக்குறவன் பின்னாடி சேத்துப் புடுங்குவான் தம்பி. இலவசத்தையே போடுங்க.” அவன் சிரித்தபடி அதை ஏற்றுகிறான். “இணைச்சதும் லேசர் தலை மூலைக்குப் போய் முட்டிட்டு வரும், பயந்துடாதீங்க.” அவள் முகம் மாறுகிறது. வளவன் கடைசியாக விரலால் தள்ளி நிறுத்திய இடத்திலேயே, மெஷினில் கிடக்கும் மரப்பலகையின் நடுவில், தலை நிற்கிறது. “அது நகராம வேலை செய்யிறது ஏதும் இருக்கா? காசானாலும் பரவாயில்ல.” இளம்பரிதி திரையிலேயே கண்ணை வைத்துக்கொள்கிறான். “நின்ன எடத்துலேருந்தே ஆரம்பிக்கலாம் அண்ணி. ஆனா வேலைன்னா நகரத்தானே வேணும்.” வெளியே அறுவடை மெஷின் இரைகிறது. அவளே பொத்தானை அழுத்துகிறாள். தலை முனகிக்கொண்டே மூலைக்குப் போகிறது. பலகை முழுக்க நெல் தூசி. தலை நின்ற சதுரத்தில் மட்டும் மரம் பளிச்சென்று இருக்கிறது. இளம்பரிதி துடைக்கத் துணியை எடுக்கிறான். “வேணாம் தம்பி,” என்கிறாள் செம்மொழி. “வேற பலகை வைங்க.”