சிவப்பு நூல் முடிச்சு

"தன் கணக்குல தப்பு இருக்கலாம்னு தானே அச்சடிச்சுக் குடுக்கறவளை எவன்யா நம்புவான்? மேலிடத்துக்குப் புகார் அடி பாலு!"

சுப்பராயலு ஆரணிப் பட்டு வியாபாரி. வியாபாரிகள் சங்கத் தலைவர் வேறு. அவருக்குக் கோபம் வந்தால் எதிரே நிற்பவர் பேச வேண்டியதே இல்லை, எல்லாவற்றையும் அவரே பேசிவிடுவார். குமாஸ்தா பாலு கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தார்.

எதிரே தேவிப்ரியா நின்றிருந்தாள். ஊரில் எத்தனை கைத்தறி ஓடுகிறது என்று அரசாங்கத்துக்காகக் கணக்கெடுத்தவள். ஒப்பந்த வேலை. புகார் போனால் அதுவும் போய்விடும்.

"அந்த ஒரு வரியை எடுத்துடும்மா. நானும் புகாரை விட்டுடறேன்."

"சேவூர்ல ரெண்டு தெருவுல பாதி வீடு பூட்டியிருந்துச்சு சார். பக்கத்து வீட்ல கேட்டுத்தான் எழுதினேன். அந்த இடத்துல எண்ணிக்கை முன்னபின்ன இருக்கலாம்னு சொல்லித்தானே ஆகணும்?"

"யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கினா மாதிரி இருக்கு! இனிமே ஆரணிக் கணக்கை எவன் மதிப்பான்? ஒரே பேஜாரு."

தேவிப்ரியாவுக்குக் கண் கலங்கியது. ஆனாலும், "எடுக்க முடியாது சார்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து, நெசவுக்கார பூங்காவனம் நெய்த புடவையோடு உள்ளே வந்தாள். புடவையின் கரையோரம் ஒரு சிவப்பு நூல் முடிச்சு.

"இன்னாம்மா, முடிச்சு போட்டுகினு வந்திருக்க?"

"முந்தி கிட்ட ஒரு இழை விட்டுப்போச்சுங்க மொதலாளி. உங்க கண்ணுல படணும்னுதான் கட்டினேன்."

முடிச்சு இருந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு, சுப்பராயலு புடவையை அலமாரியில் வைத்தார். பூங்காவனம் கிளம்பினாள்.

"மீதியைப் பிரிச்சுப் பார்க்கலீங்களா?" என்றார் பாலு.

"எதுக்குய்யா? பழுதை அவளே காட்டறா. மத்த இடம் சுத்தமாத்தான் இருக்கும். முடிச்சே இல்லாம எடுத்துகினு வரானுங்க பாரு, அவனுங்க புடவையைத்தான் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கணும்!"

தேவிப்ரியா அவரையே பார்த்தாள். பாலுவும் பார்த்தார்.

"இன்னா முழிக்கிற? எதுவரைக்கும் அடிச்ச, படி."

பாலு நிதானமாகப் படித்தார். "'தன் தப்பைத் தானே காட்டிக்கொள்ளும் இவரை நம்புவதற்கில்லை.'"

"கரெக்டா இருக்கு. ஜல்தி அனுப்பு!"