தூக்குக் காட்சி

கொக்கி வளையத்தில் மாட்டப்படவில்லை. அந்தக் கல்குவாரியில் அமலி மட்டும்தான் அதைப் பார்த்தாள்.

கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது.

பட்டமரத்தின் கிளையிலிருந்து தொங்கிய சுருக்குக் கயிறு முகமூடி வீரனின் கழுத்தில் கிடந்தது. கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். நெற்றியிலிருந்து மூக்குவரை கறுப்பு முகமூடி, அதற்குக் கீழே சிவப்புக் கைக்குட்டை. அவன் உட்கார்ந்திருந்த குதிரை இரண்டடி முன்னால் வைத்தால் போதும்.

கயிறு நிஜக் கயிறு. சுந்தரேஷ் எடுக்கிற கௌபாய் படங்களில் எல்லாம் இருப்பதை வைத்துத்தான். ஆளைக் காப்பாற்றுவது மெல்லிய ஒரு கம்பி. கோட்டுக்குள் உடம்போடு இறுக்கிய பெல்ட்டில், பின்கழுத்துக்குக் கீழே ஒரு வளையம் உண்டு. கம்பியின் நுனிக் கொக்கியை அதில் மாட்டிவிட்டால் குதிரை நகர்ந்தாலும் கம்பி ஆளைத் தாங்கிக்கொள்ளும். கம்பி நுழைவதற்காகக் கோட்டின் முதுகில் பிளவு வைத்துத் தைத்தவளே அமலிதான். படத்தின் உடைகள் எல்லாம் அவள் பொறுப்பு.

முன்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. பக்கவாட்டில் நின்ற அமலிக்கு மட்டும், பிளவின் ஓரத்துத் துணியில் கொக்கி சும்மா செருகியிருப்பது தெரிந்தது.

முகமூடி வீரன் படங்களில் இது நான்காவது. இந்தியில் எடுத்து யூடியூபில் விடுவார்கள். முகமூடிக்குள் யார் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியப்போவதில்லை. அதனால் பேசுகிற காட்சிகளில் அர்ஜுன், விழுகிற, குதிக்கிற காட்சிகளில் அமலியின் புருஷன் வில்பிரட்.

போன படத்தில் வில்பிரட்டின் தம்பி ரெஜினும் இருந்தான். அவன் குதிரைமேல் சரியாக ஏறி உட்காருமுன்பே, அர்ஜுன் விளையாட்டாக அதன் பின்பக்கம் ஓங்கித் தட்டினான். ரெஜின் பாறைமேல் விழுந்தான். இன்றைக்கும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் டெல்லி நரேலா வீட்டில் படுத்திருக்கிறான். அர்ஜுன் ஒருநாள்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் மேட்டுக்கு அப்பாலிருந்து பேண்டு சத்தம் கேட்டது. ஏதோ பண்ணை வீட்டுக் கல்யாணம். முதலில் ட்ரம். பிறகு ட்ரம்பெட்.

அமலி சட்டென்று குதிரையைப் பார்த்தாள்.

சாந்தினி சினிமாக் குதிரை இல்லை. டெல்லி முழுக்க மாப்பிள்ளைகளைச் சுமந்து, ஊர்வலத்தில் ஆடிப் பழகிய வெள்ளைக் குதிரை. பழுப்புச் சாயம் பூசி அதைக் காட்டுக்குதிரை ஆக்கியிருந்தார்கள். பேண்டு கேட்டால் அது ஆடும்.

சாந்தினியின் காதுகள் நிமிர்ந்தன. முன்னங்கால் ஒன்று உயர்ந்து, தாளத்தோடு இறங்கியது.

கயிறு இறுகியது. முகமூடி வீரனின் தலை பின்னால் சாய்ந்தது.

"பஹுத் படியா, பிரமாதம்! அப்படியே இரு, அப்படியே!" சுந்தரேஷ் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

குதிரைக்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். கத்தினால் குதிரை மிரண்டு ஓடும்.

இன்னும் ஓரடி. மகள் ஜெனிக்கு அப்பா இல்லாமல் போய்விடும்.

அமலி தன் டிபன் டப்பாவைத் திறந்தாள். மதியம் மிச்சமான கொண்டைக்கடலைச் சுண்டல். மாப்பிள்ளை ஏறியதும் அக்கா தங்கைகள் குதிரைக்குக் கடலை ஊட்டுவார்கள். தின்று முடிக்கும்வரை அது அசையாது. அவள் எத்தனையோ கல்யாணங்களில் பார்த்திருக்கிறாள். மிளகாயை விரலால் ஒதுக்கிவிட்டு, உள்ளங்கை நிறைய அள்ளிக்கொண்டு, கேமராவுக்கு முன்னால் நடந்தாள்.

ஓடவில்லை. நடந்தாள்.

"அமலி! ஃப்ரேமுக்குள்ள என்ன பண்றே? ஹட் ஜாவோ, தள்ளிப் போ!"

அவள் திரும்பவில்லை. சாந்தினியின் அடுத்த கால் மேலே போயிருந்தது. கையை நீட்டினாள்.

"லே பேட்டா... கா லே."

குதிரையின் மூச்சு சூடாக உள்ளங்கையில் பட்டது. உதடுகள் கடலையைத் துழாவின. தூக்கிய கால், எடுத்த இடத்திலேயே இறங்கியது.

அமலி இன்னொரு கையால் கடிவாளத்தைப் பிடித்தாள். குரலை உயர்த்தாமல், "கயித்தக் கழட்டுங்க. ஜல்தி" என்றாள்.

லைட்காரர்கள் ஸ்டூலோடு ஓடி வந்தார்கள். கயிற்றைக் கழற்றி அவனை இறக்கினார்கள். அவன் தரையில் குனிந்து இருமினான். யாரோ முகமூடியையும் கைக்குட்டையையும் சேர்த்து உருவினார்கள்.

அர்ஜுன்.

அமலிக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. காலையில் அவனுக்குக் கோட்டு மாட்டிவிட்டவளே அவள்தான். குளோசப்பில் தன் கண்கள் தெரிய வேண்டும், தூக்குக் காட்சியைத் தானே செய்வேன் என்று அவன் அடம்பிடித்தபோதும் பக்கத்தில்தான் நின்றாள். அவன் குதிரை ஏறியதும் கம்பியை மாட்டப் பின்னால் போனது வில்பிரட். வளையம்வரை போன அவன் விரல்கள் சற்று நின்றதையும், பிறகு கொக்கியைத் துணியில் செருகியதையும் அவள் பார்த்தாள். திரும்பி வந்து மாட்டிவிடுவான் என்றுதான் காத்திருந்தாள். அர்ஜுன் செத்தால் வில்பிரட் ஜெயிலுக்குப் போவான்.

சுந்தரேஷ் ஓடி வந்து கோட்டின் பிளவை விரித்துப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"கொக்கி மாட்டவே இல்லையா? யார் மாட்டினது?"

கிளைக்கு மேலே போட்ட கம்பியின் மறுமுனை லாரியில் இருந்தது. அங்கே வில்பிரட் நின்றான். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கினார்கள்.

"அவர் மாட்டினாரு சார்" என்றாள் அமலி. "கோட்டுச் சுருக்கத்தச் சரி பண்றதுக்கு நான்தான் கழட்டினேன். திரும்ப மாட்ட மறந்துட்டேன்."

சுந்தரேஷ் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டத் தொடங்கினான். அமலி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

லாரியிலிருந்து வில்பிரட் இறங்கி வரவே இல்லை.