இருபது நிமிடம் கழித்து

"பன்னிரண்டு வார்த்தையில ஒண்ணுகூட அவளுக்கு ஞாபகம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, டோரதி விடைத்தாளை வைதேஹியின் பக்கம் நகர்த்தினாள்.

வைதேஹி அதை எடுத்துப் பார்க்கவில்லை. பார்வையை டோரதியின் முகத்தைவிட்டு எடுக்கவும் இல்லை.

குழந்தைகளின் அறிவு எப்படி வளர்கிறது என்று அளக்கும் ஓர் ஆய்வில் டோரதிக்கு வேலை. ஐந்து வயதில் பெயர் கொடுத்த பிள்ளைகளை வருஷத்துக்கு ஒருமுறை வரவழைத்து, ஞாபகசக்தி, கவனம், யோசிக்கும் வேகம் எல்லாவற்றையும் சோதித்துப் பதிவு செய்வார்கள். வைதேஹியின் மகள் ஸ்ம்ருதிக்கு இப்போது பதினான்கு வயது. ஒன்பது வருஷமாக அவளைச் சோதித்தவள் டோரதிதான். பல் விழுந்த வாயோடு எதிரே உட்கார்ந்து காலாட்டிய நாளிலிருந்து தெரியும். சொந்தப் பிள்ளை இல்லாத டோரதிக்கு ஆய்வில் இருந்த இருநூறு பிள்ளைகளிலும் இவள்மேல் ஒரு பிடி பாசம் அதிகம்.

சோதனைகளில் ஒன்று சுலபமானது. பன்னிரண்டு வார்த்தைகளை நிதானமாக வாசித்துக் காட்ட வேண்டும். இருபது நிமிடம் வேறு புதிர்களைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். ஸ்ம்ருதி ஐந்து வயதில் மூன்று வார்த்தை சொன்னாள். எட்டு வயதில் ஏழு. போன வருஷம் பதினொன்று. வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போன கோடு அது.

இந்த வருஷம் ஒரு வார்த்தைக்கு நேரேகூட டிக் இல்லை. காலையில் மதிப்பெண்களைக் கூட்ட உட்கார்ந்தபோதுதான் அது டோரதியின் கண்ணில் பட்டது. தலையில் அடிபட்டதா, மூளையில் கட்டியா என்று என்னென்னவோ தோன்றியது. ஆபீசுக்குக்கூடச் சொல்லாமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். பாலம் நெடுக, ஒரு தாயிடம் இதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆனால் வைதேஹி அழவில்லை, பதறவில்லை. உள்ளே போய் சர்க்கரை போடாத காபி கொண்டுவந்து வைத்தாள். ஆறிவிடும், குடியுங்கள் என்றாள். பெற்றவளால் இப்படி இருக்க முடியுமா என்று டோரதிக்கு அதிர்ச்சியாக இருந்தது. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"வைதேஹி, நான் சொல்றது உங்களுக்குப் புரியுதா? ஏறிட்டே இருந்த பிள்ளை திடீர்னு ஒண்ணுமில்லாமப் போயிட்டா. நரம்பு டாக்டர்கிட்ட உடனே காட்டணுங்க. தள்ளிப் போடவே கூடாது."

"புரியறது மேடம். டாக்டர்கிட்டப் போகணும்னுதான் எனக்கும் படறது. இன்னிக்கே போகலாம். நானும் கூட வரேன்."

டோரதிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பேச்சுக்குரல் கேட்டு ஸ்ம்ருதி உள் அறையிலிருந்து வந்து, அம்மாவை ஒட்டி நின்றாள். டோரதி அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். தலைவலி உண்டா, எங்கேயாவது விழுந்தாயா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றும் உண்டு என்றும் அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். கண்கள் மட்டும் சிவந்திருந்தன.

கடைசியாக டோரதி தயங்கித் தயங்கிக் கேட்டாள். அன்றைக்கு வாசித்த வார்த்தைகளில் ஒன்றாவது நினைவிருக்கிறதா?

ஸ்ம்ருதி அம்மாவைப் பார்த்தாள். வைதேஹி தலையசைத்தாள்.

"குடை, எறும்பு, பாலம், உப்பு, கண்ணாடி, பசு, நூல், ஏணி, மழை, தபால், விளக்கு, கோயில்."

பன்னிரண்டும் வந்துவிட்டன. வரிசைகூட மாறவில்லை. சோதனை நடந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது.

டோரதி தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப, அன்னிக்கு நான் கேட்டப்ப ஏன் கண்ணு சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்ல ஆன்ட்டி" என்றாள் ஸ்ம்ருதி. "வார்த்தையெல்லாம் வாசிச்சீங்க. புதிர் குடுத்தீங்க. அது முடிஞ்சதும், அவ்வளவுதான், கிளம்புன்னு சொல்லிட்டீங்க."

அப்படி இருக்காது என்றாள் டோரதி. ஆயிரம் தடவைக்கு மேல் வைத்த சோதனை, தூக்கத்தில் எழுப்பினாலும் அவளுக்கு முறை தப்பாது. அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். அறை வந்தது, மேசை வந்தது, புதிர்க் கட்டைகள் வந்தன. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"சரி, நான்தான் மறந்துட்டேன்னே வெச்சுக்கோ" என்றாள், குரலைச் சிரமப்பட்டு இறக்கி. "அதை நீ என்கிட்டச் சொல்லியிருக்கலாமே. இப்படி பயந்து அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்திருக்க மாட்டேனே."

ஸ்ம்ருதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சொன்னேன் ஆன்ட்டி. திங்கக்கிழமை இதே தாளோட வந்தப்பவும் சொன்னேன். நேத்து வந்தப்பவும் சொன்னேன்."

டோரதி திரும்பி வைதேஹியைப் பார்த்தாள். வைதேஹி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, டோரதியின் கணவர் அருள்நாதனுக்குப் போன் செய்துவிட்டதாகவும், அவர் ஆட்டோவில் வந்துகொண்டிருப்பதாகவும் மெல்லச் சொன்னாள்.