ஏறும் சுரம், இறங்கும் சுரம்

"ஏறுது," என்றார் மேலாளர்.

"இறங்குது சார்," என்றார் கணக்காளர்.

இருவரும் கேட்டது ஒரே மணியை. சோதனை லிஃப்டின் கதவு திறக்கும்போது ஒலிக்கும் இரண்டு சுரங்கள். லிஃப்ட் மேலே போகிறது என்று சொல்வதற்காக நான் அமைத்தவை. கீழே போவதற்கு அவற்றையே திருப்பிப் போட்டிருந்தேன்.

நாளை ஒரு மருத்துவமனையின் எல்லா லிஃப்டுகளிலும் பொருத்தியாக வேண்டும். மேலாளர் சரி என்றால் என் வேலை நிரந்தரம். மாதக்கணக்கில் அந்த இரண்டு சுரங்களோடுதான் குடித்தனம்.

எனக்கு ஏறியது. சந்தேகமே இல்லை.

"இன்னொரு தடவை போடும்மா."

போட்டேன்.

தட்டச்சு செய்கிற பெண் கணக்காளர் கட்சியில் சேர்ந்தாள். ஓட்டுநர் மேலாளர் கட்சியில்.

"சம்பள உயர்வு வர்ற நேரம் பாத்துச் சேர்றான் பாரு," என்றார் கணக்காளர்.

"நீங்க காதைக் கழட்டி, ஒரு உதறு உதறி மாட்டுங்க சார்," என்றார் ஓட்டுநர்.

வாசல் காவலரைக் கூப்பிட்டார்கள். மூச்சு வாங்க வந்து நின்றார். கேட்டார். யோசித்தார்.

"எது சொன்னா திட்டு விழாது?"

சிரிப்பு லிஃப்டுக்குள் போய் முட்டித் திரும்பியது.

ஸ்டுடியோவில் இந்தச் சண்டையே இல்லை. பெரிய ஸ்பீக்கரில் எல்லோருக்கும் ஏறியது. இன்று காலைதான் லிஃப்டில் உள்ளங்கை அளவு ஸ்பீக்கரைப் பொருத்தினார்கள்.

பொருத்தியவர் எங்கள் மின்பொறியாளர். மெதுவாகப் பேசத் தெரியாது என்பதால் வால்யூம் அக்கா. அவர் குரல் தரையருகிலிருந்து வந்தது.

"ஒரு சுரம்னா ஒத்தைச் சத்தம் இல்ல சார். கொத்து. அடியில ஒண்ணு இருக்கும், அதுக்கு மேல ஏழெட்டு இருக்கும். இந்தச் சின்ன ஸ்பீக்கர் அடிச்சத்தத்தை முழுங்கிடுது. சில பேர் மூளை, மிச்சத்தை வச்சு முழுங்கினதையும் சேத்தே கேட்டுக்கும். அவங்களுக்கு ஏறுது. சில பேர் மூளை, வந்ததை மட்டும்தான் கேட்கும். இவ வேற முதல் சுரத்துல அந்த மேல்சத்தத்தோட மினுக்கைத் தூக்கலா வச்சிருக்கா. அவங்களுக்கு இறங்காம என்ன செய்யும்?"

"அப்ப யாரு காதுல கோளாறு?"

"யாரு காதுலயும் இல்ல. ரெண்டும் நல்ல காதுதான்."

ஆக, நான் கேட்டுக்கொண்டிருந்தது வராத ஒலியை. என் தலைக்குள் தானாக முளைத்ததை.

மேலாளருக்குக் கோட்பாடுகளில் நாட்டம் கிடையாது. கை தூக்கச் சொன்னார். எண்ணினார். ஏறுகிற கட்சிக்கு ஒரு ஆள் கூடுதல்.

"தீர்ந்துது. நாளைக்குப் பொருத்திடலாம். உனக்கு ஆர்டர் அடிக்கச் சொல்றேன்மா," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நன்றி சொன்னால் போதும். தொண்டை வரை வந்தும் விட்டது.

"வேண்டாம் சார்," என்றேன். "மெட்டை எடுத்துடலாம். மேலன்னா ஒரு தடவை அடிக்கட்டும். கீழன்னா ரெண்டு தடவை. எண்ணுறதுல எந்தக் காதும் சண்டைக்கு வராது."

"அதுக்குக் கடையில விக்கிற மணி போதுமே. நீ எதுக்கும்மா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பாதிதான் சிரிப்பு.

"பாதிப் பேருக்குத் தப்பா வழி சொல்லும் சார். ஆஸ்பத்திரில."

"சொல்லட்டுமே! கதவுக்கு மேலதான் பச்சையா அம்புக்குறி எரியுதே. அதை விட்டுட்டு யாரு மணியை நம்பி ஏறப்போறா?"



வால்யூம் அக்காவின் திருப்புளி தரையில் உருண்டது. கணக்காளர் தேவையில்லாமல் இருமினார். என் கையை விட்ட மேலாளரின் கை, மறுபடி வந்து பிடித்துக்கொண்டது. வியர்த்திருந்தது.

மற்றக் கையால், மடக்கி வைத்திருந்த என் வெள்ளைக் கோலை விரித்தேன்.

"பச்சையா சார் அது?" என்று கேட்டேன். "இங்க சேர்ந்து இத்தனை மாசம் ஆச்சு. யாரும் சொல்லவே இல்ல பாருங்க."