எந்தக் கால்?

ஐம்பது மீட்டரைத் தாண்டும்போது ஸ்டோர் கீப்பர் இரண்டடி முன்னால் இருந்தான்.

முதலாளிக்கு மூச்சு இரைத்தது. வயது ஐம்பத்து மூன்று. மற்றவர்கள் எப்போதோ பின்தங்கிவிட்டார்கள்.

எண்பதாவது மீட்டரில் ஸ்டோர் கீப்பர் வலது தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். முதலாளி நெஞ்சை முன்னுக்குத் தள்ளி நாடாவை அறுத்தார்.

மைதானம் முழுக்கக் கைதட்டல். கம்பெனியில் விளையாட்டு விழா ஆரம்பித்த முதல் வருடம் மட்டும்தான் அவர் தோற்றார். அதற்கப்புறம் பதினோரு வருடமும் அவர்தான் முதல்.

கல்லூரியில் ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று மூன்றிலும் கோப்பை வாங்கியவர். பிறகு ஒற்றைத் தையல் மெஷினோடு தொடங்கிய மெத்தைத் தொழில் இன்று முந்நூறு குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. எந்த மேடையில் ஏறினாலும், தனக்கு வியாபாரம் கற்றுக்கொடுத்தது மைதானம்தான் என்றே பேச்சைத் தொடங்குவார்.

தண்ணீர் டிரம் பக்கத்தில் ஸ்டோர் கீப்பர் தனியாக நின்றிருந்தான். பாவம், ஒரு வார்த்தை விசாரிப்போம் என்று போனார்.

அவன் இடது தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“எந்தக் கால்ப்பா வலிச்சுது?”

அவன் குனிந்து தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

முதலாளிக்கு உடம்பெல்லாம் கூசியது. போன வருடம் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டதென்று பாதியில் நின்ற டிரைவர். அதற்கு முந்தைய வருடம் பக்கத்துக் கோட்டில் போய் ஓடிய கட்டிங் மாஸ்டர். இத்தனை பேரும் வாய்க்குள் சிரித்துக்கொண்டு கைதட்டியிருக்கிறார்கள். அவரோ கோப்பையைத் தூக்கித் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

“மேனேஜர் பண்ண வேலைதானே இது? இன்னைக்கே அந்தாள் சீட்டைக் கிழிக்கிறேன்.”

ஸ்டோர் கீப்பர் பதறிவிட்டான். “ஐயோ, அவருக்கு ஒண்ணும் தெரியாது சார். மேடம்தான் வருஷா வருஷம் போன் பண்ணிச் சொல்லுவாங்க. மொத வருஷம் நீங்க தோத்துட்டு வீட்டுக்குப் போனீங்கல்ல... பாப்பா கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு அன்னைக்கு முழுக்க வெளியே வரவே இல்லையாம்.”

அன்று ஷூவைக் கழற்றிச் சுவரில் எறிந்தது அவருக்கு நினைவிருந்தது. அது எந்தச் சுவர், அங்கே யார் நின்றிருந்தார்கள் என்பதை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. மகளுக்கு அப்போது ஆறு வயது.

மைக்கில் அவரைக் கூப்பிட்டார்கள்.

மேடையில் பரிசு கொடுக்க மனைவிதான் நின்றிருந்தாள். பக்கத்தில் மகள். கல்லூரிக்குப் போகிற பெண்.

தான் ஜெயிக்கவில்லை என்று மைக்கிலேயே சொல்லிவிட அவருக்கு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் மனைவியை முந்நூறு பேர் முன்னால் காட்டிக்கொடுத்ததாகிவிடும். விழுங்கிக்கொண்டார்.

கோப்பையை வாங்கும்போது அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

கீழே எல்லோரும் கைதட்டினார்கள். மகள் மட்டும் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எப்படியோ சிரித்துவைத்தார்.

அதற்குப் பிறகுதான் அவள் கைதட்டினாள்.