படம் இன்னும் வரலைப்பா!

"இப்பத் தெரியுதாம்மா?"

"இல்லப்பா, ஒரே கறுப்பா இருக்கு." ஸ்பீக்கரில் போட்டிருந்த போனிலிருந்து மகளின் குரல் வந்தது.

டிரைவர் பெருமூச்சு விட்டார். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கே அவர் டிரைவர்தான். எப்பேர்ப்பட்ட வண்டியையும் அடக்கிய மனுஷனுக்கு, உள்ளங்கை அகலக் கேமரா ஒன்று தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த தெருவில் திருட்டுப் போய்விட்டதாம். அதனால் தனியாக இருக்கும் அப்பாவுக்குக் கேமரா வேண்டுமாம். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் வாங்கி அனுப்பிவிட்டாள். கம்ப்யூட்டரோடு இணைப்பது மட்டும் அவர் வேலை.

உண்மையில் திருடனைவிட அவளுக்கு அப்பாவைப் பற்றித்தான் பயம். போன வாரம் குளியலறையில் விழுந்துவிட்டார். டாக்டரைப் பாருங்கள் என்று அன்றிலிருந்து அழாத குறையாகக் கெஞ்சுகிறாள். அவர் மசியவே இல்லை.

"ஈரத்துல வழுக்கிடுச்சு, அவ்வளவுதான். டாக்டர்கிட்ட போனா முதல்ல என் ஸ்கூட்டர் சாவியைத்தான் பிடுங்குவாரு" என்று சொல்லிவிட்டார்.

"அப்பா, கேமராவுக்கு அடியில பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கும். அதைப் பார்த்து கம்ப்யூட்டர்ல அடிங்க."

கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்து, ஒற்றை விரலால் அடித்தார். திரையில் புதிதாக ஒரு பக்கம் திறந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்லம்மா. உனக்குப் படம் வருதா?"

"இன்னும் வரலைப்பா. ஆள் நடமாட்டத்தை அதுக்குப் பழக்கணும் போல. கதவு வரைக்கும் நடந்து போயிட்டுத் திரும்பி வாங்க."

நடந்தார். திரும்பும்போது சுவரை ஒரு தடவை தொட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவைப்பா, மெதுவா."

"இது என்ன கேமராவா, டிரைவிங் டெஸ்ட்டா?" என்று கேட்டுக்கொண்டே மறுபடியும் நடந்தார்.

"இப்ப முகத்தைப் பழக்கணும். இல்லாட்டி வீட்டுக்காரரையே திருடன்னு நினைச்சுக் கத்தும். கண்ணை இறுக்கி மூடுங்க. திறங்க. பல்லு தெரியச் சிரிங்க."

"யாரைப் பார்த்தும்மா சிரிக்கிறது?"

"என்னைப் பார்த்துதான்ப்பா."

சிரித்தார். கேமராவையே பார்த்துக்கொண்டு, வஞ்சனை இல்லாமல், வாய் நிறையச் சிரித்தார். போனில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"என்னம்மா, சளியா?"

"இங்க ஒரே தூசுப்பா... கடைசியா ஒரே ஒரு வேலை. மெமரி கார்டை இடது கையில எடுத்துக் கேமராவுக்குள்ள செருகுங்க."

கார்டு நகக்கண் அளவுதான் இருந்தது. இரண்டு தடவை கீழே விழுந்தது. யார் வந்தாலும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளும் அந்த இடது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் அவசரப்படவில்லை. மூன்றாவது தடவை செருகிவிட்டார்.

"அப்பா! படம் வந்திடுச்சு!" என்று கத்தினாள் மகள்.

டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"போதும்மா நடிச்சது" என்றார் மெதுவாக. "உனக்குப் படம் வந்து அரை மணி நேரமாச்சு. 'பார்ப்பவர்கள்: மகள், டாக்டர்'னு இங்க கம்ப்யூட்டர்ல அப்பவே போட்டிருச்சு. நாளைக்கு எத்தனை மணிக்கு நான் வரணும்னு அவர்கிட்டயே கேட்டுச் சொல்லு."